மூன்று வருடப் பணம், முப்பது வருட மண்

மண் மாதிரியை நிழலில் உலர்த்தி, மரச்சுத்தியால் தட்டி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, பாட்டிலில் அடைத்துச் சீட்டு ஒட்டிவிட்டால் வேலை பாதி முடிந்தது. சாவகாசமாக அடுத்த மாதம்கூட எடுத்துப் பார்க்கலாம். எருவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கோழி எச்சத்தை ஓவனில் வைத்து உலர்த்தினால் ஈரத்தோடு சேர்ந்து அம்மோனியாவும் கிளம்பிவிடும். அதன்பிறகு எவ்வளவு கவனமாகப் பகுப்பாய்வு செய்தாலும் கிடைப்பது மிச்சத்தின் கணக்குதான். அதனால் தழைச்சத்து பார்ப்பதற்கான பங்கை வந்த அன்றைக்கே, ஈரத்தோடு எடை போட்டுக் கந்தக அமிலத்தில் இறக்கிவிட வேண்டும். இன்னொரு பங்கைத் தனியாக உலர்த்தி, ஈரம் எவ்வளவு என்று பார்த்துப் பிறகு கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம். எரு ஆராய்ச்சித் திட்டத்தில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இப்படி அமிலத்தில் இறக்கித் தழைச்சத்தை அளக்கும் கெல்டால் முறை 1883-இல் டென்மார்க்கில் ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. எங்கள் பிழைப்பு இன்றும் அதை வைத்துத்தான் ஓடுகிறது. அமிலத்தில் வெந்து தெளிந்த கரைசலில் காரத்தை ஊற்றிக் காய்ச்சினால், ஆவியாகி வரும் அம்மோனியாவைக் கீழே போரிக் அமிலம் பிடித்துக்கொள்ளும். அதில் கலந்திருக்கும் நிறங்காட்டி இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு மறுபடி சிவப்புக்குக் கொண்டுவந்தால், எத்தனை மில்லி போனதோ அதுதான் தழைச்சத்து. சாதாரண தொழு உரத்துக்கு இது சீக்கிரம் முடிந்துவிடும். கோழி எருவுக்கு மட்டும், புதிதாக வந்த பிள்ளைகள் பியூரெட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பிவிட்டு, "சார், ஏதோ தப்பா இருக்கு" என்பார்கள். தப்பு ஒன்றும் இல்லை. தொழு உரத்தில் அரை சதவீதம் இருக்கும் தழைச்சத்து கோழி எருவில் மூன்று சதவீதம்.

என் உத்தியோகக் காலத்தில் பெரும்பகுதி இப்படி மாட்டுக்கொட்டகை, கோழிப்பண்ணை, எருக்குழி, பக்கத்துத் தோட்டம், ஆய்வுக்கூடம் என்றே சுற்றியது. அத்தனையும் அரசுப் பணத்தில் நடந்தது. தனியார் கம்பெனி எதுவும் சாணத்தை ஆராயப் பணம் கொடுத்து நான் பார்த்ததில்லை. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிக் கொட்டகைகளைத் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியிருப்பார்கள். மேலே கூண்டு வரிசை. எச்சம் கீழே தரையில் மாதக்கணக்கில் விழுந்து மேடாகும். ஒரு கோழி நாளைக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே போடும் என்றால், ஐம்பதாயிரம் கோழி உள்ள பண்ணையில் தினம் ஐந்து டன். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 12 கோடிக் கோழிகள் இருக்கின்றன, நாட்டிலேயே அதிகம். கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அந்த யூரிக் அமிலம்தான் அதன் சிறுநீர், தழைச்சத்தின் பெரும்பங்கும் அதுதான். ஈரம் பட்டால் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக உடைத்துவிடும். கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிகிறது என்றால் உரம் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒருமுறை அப்படி ஒரு கொட்டகையில், எங்கள் திட்டத்தில் இளநிலை ஆராய்ச்சியாளராக (ஜே.ஆர்.எஃப்.) இருந்த பெண், நான் கொடுத்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதிரி அள்ளிக்கொண்டிருந்தாள். வரிசை எண், தூர அளவு எல்லாம் புள்ளியியல்படி குறித்த வரைபடம். எச்சம் தள்ளிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "அந்த வரிசையில அள்ளாத கண்ணு, நிப்பிள் ஒழுகி ஊறிப் போய்க் கெடக்குது" என்றார். குனிந்து பார்த்தால் உண்மைதான். மேலே தண்ணீர்க் குழாயில் ஒரு நிப்பிள் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே இரண்டடி அகலத்துக்கு எச்சம் கூழாகி, கறுத்து, ஈப்புழு நெளிந்துகொண்டிருந்தது. ஓரடி தள்ளி அதே எச்சம் காய்ந்து பொரபொரவென்று இருந்தது. இரண்டையும் தனித்தனியாக எடுத்து வந்து பார்த்தோம். ஒரே கொட்டகை, ஒரே தீவனம், ஒரே வயதுக் கோழி. தழைச்சத்தில் மட்டும் அவ்வளவு வித்தியாசம். அதன்பிறகு எங்கள் படிவத்தில் 'ஒழுகும் நிப்பிள்' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். கட்டத்தைச் சேர்க்கச் சொன்ன அம்மாவின் பெயரை ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையில் போட முடியவில்லை. அவரே வேண்டாம் என்றார், பண்ணைக்காரர் திட்டுவாராம்.

அந்தப் பண்ணைக்காரர் நல்ல மனிதர். டீ வாங்கிக்கொடுத்துவிட்டு, "ஏனுங்க சார், இதுக்கெல்லாமா கவர்மெண்டு காசு குடுக்குது? நாங்க லோடு கணக்குல வித்துட்டுத்தானுங்க இருக்கறோம்" என்றார். விற்கிறார்கள்தான். லாரி லாரியாகப் போகிறது. ஆனால் லோடு கணக்கில் விற்கிறார்களே ஒழிய, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து யாரும் விற்பதில்லை. வாங்குகிறவரும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எத்தனை லோடு போட்டார் என்று பார்த்துத்தான் போடுகிறார். சிக்கல் ஆரம்பிக்கும் இடம் அதுதான்.

வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு எக்டருக்குத் தழை 250 கிலோ, மணி 75, சாம்பல் 75 என்பது தமிழ்நாட்டுப் பரிந்துரை. மணிச்சத்து தழையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கோழி எருவிலோ தழை மூன்று சதவீதம் என்றால் மணிச்சத்தும் அதையொட்டி இரண்டரை சதவீதத்துக்கு மேல். பாதித் தழைச்சத்தை மட்டும், அதாவது 125 கிலோவை, கோழி எருவால் கொடுப்போம் என்று நாலு டன் சொச்சம் போட்டாலே மணிச்சத்து 110 கிலோ நெருங்கிவிடும். பயிர் கேட்டதைவிட அதிகம். இதை வருடா வருடம் செய்த தோட்டங்களில் மண் எடுத்திருக்கிறேன். மணிச்சத்துக்கு ஓல்சன் முறை: சோடியம் பைகார்பனேட் கரைசலில் அரை மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, மாலிப்டேட் சேர்த்தால் நீல நிறம் வரும், நீலம் எவ்வளவு கரும் நீலமோ மணிச்சத்து அவ்வளவு. நம் மாநிலக் கணக்கில் எக்டருக்கு 22 கிலோவைத் தாண்டினாலே 'அதிகம்' என்ற கட்டத்துக்குப் போய்விடும். அப்படி ஒரு தோட்டத்து மண்ணின் நீலத்தைக் கருவி படிக்கவே மறுத்தது. நீர்த்து, மறுபடி நீர்த்து, அதன்பிறகுதான் எண் வந்தது. அந்த விவசாயி அதற்கு மேலும் டி.ஏ.பி. மூட்டை போட்டுக்கொண்டிருந்தார், 'அடியுரம் இல்லாமல் எப்படிங்க' என்று.

தனியார் ஏன் சாணத்துக்குப் பணம் கொடுப்பதில்லை என்ற கணக்கு இப்போது. எக்டருக்கு 12.5 டன் தொழு உரம் என்று எங்கள் பயிர்ச் சாகுபடிப் புத்தகங்கள் சொல்கின்றன. அரை சதவீதம் வீதம் அதில் 62.5 கிலோ தழைச்சத்து. ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து 20.7 கிலோ. மூன்று மூட்டையில் அதே 62 கிலோ வந்துவிடும். மூட்டை 266 ரூபாய் 50 காசு. மூன்றுக்கு எண்ணூறு ரூபாய். ஒரே ஒரு டிராக்டர் லோடு எருவுக்கே இன்றைக்கு அதைவிட அதிகம் கேட்கிறார்கள், இறக்குகூலி தனி. எருவில் சாம்பல் சத்து இருக்கிறது, துத்தநாகம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கரிமம் இருக்கிறது என்று நான் எவ்வளவு நேரம் பேசினாலும், எண்ணூறு ரூபாய்க்கு எதிரே அந்தப் பேச்சு நிற்காது. யூரியா உண்மையில் அவ்வளவு மலிவு இல்லை. மீதியை அரசு கட்டுகிறது. 2022-23-இல் உர மானியம் மட்டும் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். ஒரு பக்கம் யூரியாவின் விலையை அரசே அமுக்கி வைத்திருக்கும்போது, சாணத்தை நன்றாகப் பயன்படுத்துவது எப்படி என்று கண்டுபிடிக்கும் செலவையும் அரசேதான் ஏற்க வேண்டும். வேறு யாருக்கும் அதில் லாபம் இல்லை.

ஏற்கத்தான் செய்கிறது. எந்தத் துறை ஏற்கிறது என்பதில்தான் வேடிக்கை. மாடு, கால்நடைத் துறையுடையது. 2019-இல் அதற்குத் தனி அமைச்சகமே வந்துவிட்டது. சாணம் வயலில் விழுந்தால் வேளாண்மைத் துறை. சாண எரிவாயுக் கலனுக்குள் போனால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம். ஊர்த் தெருவில் கிடந்தால் தூய்மை இந்தியா. சாணத்திலிருந்து எரிவாயுவும் எருவும் எடுக்க 2018-இல் வந்த கோபர்தன் திட்டம் அந்த வழியாகக் குடிநீர், சுகாதாரத் துறையின் கையில் இருக்கிறது. மூட்டையில் அடைத்து விற்றால் உரத்துறை. சாக்கடையில் ஓடினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நம் மாநிலத்திலேயே வேளாண் பல்கலைக்கழகம் 1971-இலும் கால்நடைப் பல்கலைக்கழகம் 1989-இலும் தனித்தனியாக உருவானவை. கொட்டகை வாசற்படிக்கு உள்ளே கால்நடைக்காரர்கள், வெளியே வேளாண்மைக்காரர்களான நாங்கள். தீவனத்தில் ஃபைட்டேஸ் நொதி சேர்த்தால் எச்சத்தில் மணிச்சத்து குறையும், தோட்டத்தில் தேக்கமும் குறையும். இதை ஒரே திட்டமாக எழுதினால் மதிப்பீட்டுக் குழுவில் முதல் கேள்வி, "இது எங்கள் தலைப்பில் வருமா?" என்பதுதான். பாதியை வெட்டித் தனித் திட்டமாக அனுப்பச் சொல்வார்கள். வெட்டிய இடத்தில்தான் விஷயமே இருக்கும்.

தலைப்புகளும் காலத்துக்குக் காலம் மாறின. நான் சேர்ந்த புதிதில் கழிவு மறுசுழற்சி என்று எழுதினால் பணம் வரும். பிறகு ஒருங்கிணைந்த உர நிர்வாகம். அதற்குப் பிறகு பருவநிலை மாற்றம், மீத்தேன். இப்போது கழிவிலிருந்து செல்வம். எருக்குழி மட்டும் அதே எருக்குழி. மூத்தவர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது: முன்னுரையை மட்டும் புதிதாக எழுது, செய்முறையைத் தொடாதே.

அனுமதி ஆணை கைக்கு வந்த பிறகு பணம் வருவது இன்னொரு கதை. ஒரு திட்டத்தில் ஆடிப் பட்டத்துக்கு வர வேண்டிய முதல் தவணை தை மாதம் வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. எல்லாமே ஏறக்குறைய அப்படித்தான். மார்ச் 31-க்குள் செலவழித்து, ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று கொடுத்தால்தான் அடுத்த தவணை. விதைக்கும் காலம் போய்விட்டது. இரண்டு மாதத்தில் வயலில் என்ன செலவழிப்பது? அதனால் கருவி வாங்குவோம். கருவி வாங்குவது சுலபம்: மூன்று விலைப்புள்ளி, ஒரு ஒப்பீட்டுத் தாள், ஒரு கையெழுத்து. இந்தியாவின் பல ஆய்வுக்கூடங்களில் உறை பிரிக்காமல் நிற்கும் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பிந்திய தவணை இருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆள் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். ஒழுகும் நிப்பிளைக் குனிந்து பார்க்க ஆள் வேண்டும். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023-இல் மாதம் 37,000 ரூபாய் ஆகியிருக்கிறது. நல்ல தொகைதான், முன்பெல்லாம் இதில் பாதிகூட இல்லை. ஆனால் திட்டம் மூன்று வருடம். பிள்ளை முதல் வருடம் கற்றுக்கொள்ளும், இரண்டாம் வருடம் வேலை செய்யும், மூன்றாம் வருடம் குரூப் தேர்வுக்கோ வங்கித் தேர்வுக்கோ படிக்கும். குறை சொல்ல முடியாது. திட்டம் முடிந்ததும் என்ன என்று கேட்டால் என்னிடமும் பதில் கிடையாது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவிலும் நல்லது நடக்காமல் இல்லை. ஊட்டமேற்றிய தொழு உரம் என்று மானாவாரி விவசாயிகள் சொல்கிறார்களே, அது அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியில் வந்ததுதான். 750 கிலோ மக்கிய எருவோடு சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஒரு மாதம் மூடி வைத்து, ஒரு எக்டருக்குப் போடுவது. சூப்பர் பாஸ்பேட் அம்மோனியாவைப் பிடித்து வைக்கும். மணிச்சத்தும் மண்ணில் சிக்கிக்கொள்ளாமல் வேருக்குக் கிடைக்கும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆட்கள் தேவைப்பட்டார்கள், மண்வெட்டி தேவைப்பட்டது, பல பருவங்கள் தேவைப்பட்டன.

இன்னொரு விஷயம், யாரும் பணம் கொடுக்காமலே ஓடுகிறது: ஆட்டுக்கிடை. மாட்டுக் கொட்டகையில் தழைச்சத்தில் பாதியளவு மூத்திரத்தில் போகிறது. அதைப் பிடிக்கத் தரையைச் சரிவாகப் போடுங்கள், தொட்டி கட்டுங்கள் என்று நாங்கள் துண்டுப் பிரசுரம் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், ராமநாதபுரம் பக்கத்து ஆட்டு மேய்ப்பர்களான கீதாரிகள் மந்தையை ராத்திரி வயலிலேயே அடைத்து, புழுக்கையையும் மூத்திரத்தையும் நேரே மண்ணில் இறக்கிவிட்டு, மறுநாள் அடுத்த துண்டுக்குக் கிடையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நிலத்துக்காரர் அதற்குக் காசோ நெல்லோ கொடுக்கிறார். எருவுக்கு உண்மையான விலை போடும் சந்தை தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ஒரு ராத்திரிக் கிடையில் எவ்வளவு சத்து இறங்குகிறது, எத்தனை நாளில் எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்க ஒரு திட்டம் எழுதினேன். மந்தை நகர்ந்துகொண்டே இருப்பதால் 'ஆய்வு இடம்' என்ற கட்டத்தை நிரப்ப முடியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எரு ஆராய்ச்சிக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். 1909-இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை அங்கே இருக்கிறது. 1925-இல் தொடங்கிய இன்னொன்றும் இருக்கிறது. தொழு உரம் மட்டும் பெறும் பாத்தி, ரசாயன உரம் பெறும் பாத்தி, ஒன்றுமே பெறாத பாத்தி. முதலாவது, சைதாப்பேட்டையிலிருந்து வேளாண் கல்லூரி கோவைக்கு வந்த மூன்றாவது வருடம் ஆரம்பித்தது. உலகப் போர் இரண்டு, சுதந்திரம், பசுமைப் புரட்சி எல்லாவற்றையும் தாண்டி நிற்கிறது. 1970-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நீண்டகால உரச் சோதனைகளைத் தொடங்கியபோது கோவையும் அதில் சேர்ந்து, 1972 முதல் கேழ்வரகும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றி விதைத்து வருகிறது. நூறு ரூபாயில் எழுபத்தைந்தை மத்திய அரசும் இருபத்தைந்தை மாநிலமும் போடும் ஏற்பாடு. என் கணிப்பில், நம் நாட்டில் எருவுக்குச் செலவழித்த அரசுப் பணத்திலேயே உருப்படியாகச் செலவானது இதுதான். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கச் சொல்லாமல், அதே பாத்தியில் அதே எருவைப் போட்டு அளந்துகொண்டே இரு என்று சொன்ன பணம்.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில் ஒரு பார்லி வயல் இருக்கிறது. அதில் ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை இருபது வருடம் தொழு உரம் போட்டார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழித்து எடுத்துப் பார்த்தாலும், எருவே காணாத பக்கத்துப் பாத்தியைவிட அந்த மண்ணில் கரிமம் அதிகமாக இருந்தது. அந்தப் பண்ணையை 1843-இல் ஆய்வு நிலமாக்கிய ஜான் லாஸ் சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை வாங்கி விற்ற வியாபாரி. ரசாயன உரம் விற்ற காசில்தான் எருவின் ஆயுள் தெரியவந்தது. எனக்கு இதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

மூன்று வருடத் திட்டத்தில் இதெல்லாம் தெரியாது. எரு போட்ட முதல் வருடம் அதன் தழைச்சத்தில் ஒரு பகுதிதான் பயிருக்குக் கிடைக்கும். மீதி இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் வருடம் மெல்ல அவிழும். கோழி எருவின் மணிச்சத்து மேல்மண்ணில் நிறைந்து கீழே கசிகிறதா, கிணற்று நீரில் நைட்ரேட் 45 மில்லிகிராம் வரம்பைத் தாண்டுகிறதா என்பது பத்து வருடக் கேள்வி. நாங்கள் இறுதி அறிக்கையில் 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதி முடிப்போம். சம்பிரதாயம் என்று நினைப்பார்கள். எழுதியதிலேயே உண்மையான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2020-இல் நாட்டு மாட்டுப் பொருட்களை ஆராய மத்திய அரசின் பல துறைகள் சேர்ந்து 'சூத்ரா-பிக்' என்று ஒரு திட்டம் அறிவித்தன. சாணம், மூத்திரத்தின் மருத்துவ குணங்களெல்லாம் அதில் இருந்தன. 500-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். முடிவை முன்கூட்டியே நம்பிக்கொண்டு கேள்வி கேட்பது ஆராய்ச்சி ஆகாது என்ற அவர்கள் வாதம் சரி. என் கோபம் வேறு. சாணக் குவியலுக்கு மேல் ஓலைக்கூரை போட்டால் எவ்வளவு சத்து மிஞ்சும் என்ற சாதாரணக் கேள்விக்கு மாவட்டவாரியாக இன்னும் ஒழுங்கான பதில் இல்லாதபோது, பிரமாதமான கேள்விகளுக்கு அறிவிப்பு வருகிறது.

2023 இதைவிட நம்பிக்கை தந்தது. பட்ஜெட்டில் 500 புதிய கோபர்தன் ஆலைகள், 10,000 கோடி முதலீடு என்றார்கள். ஜூன் மாதம், அந்த ஆலைகளிலிருந்து வரும் நொதித்த எருவுக்கு டன்னுக்கு 1500 ரூபாய் சந்தை உதவி அறிவித்தார்கள். மூன்று வருடத்துக்கு 1451.84 கோடி, அதில் 360 கோடி ஆராய்ச்சி இடைவெளிகளை நிரப்புவதற்கும் சேர்த்து. ஆராய்ச்சி இடைவெளி என்று அரசு ஆவணத்திலேயே பார்த்தது எனக்குப் புதிது. டன்னுக்கு என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஈர எருவில் பெரும்பகுதி தண்ணீர். டன்னுக்குக் கொடுத்தால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் போகும். உள்ளே இருக்கும் சத்துக்குக் கிலோ கணக்கில் கொடுத்தால் ஒவ்வொரு ஆலைக்காரரும் அம்மோனியாவைப் பிடித்து வைக்க வழி தேடுவார். அதற்கு ஊருக்கு ஊர் சோதனைக்கூடம் வேண்டும், ஈரத்தோடு அன்றைக்கே எடை போடத் தெரிந்த ஆளும் வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகும் மதிப்பீட்டுக் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். போகும் இடத்திலெல்லாம் ஒன்றை மட்டும் கேட்கிறேன். திட்டத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். திட்டம் முடிந்த பிறகு வருடம் ஒருமுறை அதே பாத்திகளில் போய் மண் எடுத்துப் பார்க்க மட்டும். போன முறை நிதிப் பிரிவு அதிகாரி கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல யோசனைதான் சார். ஆனா முடிஞ்ச திட்டத்துக்குச் செலவு பண்ண ஹெட் கிடையாதே" என்றார். நிப்பிள் ஒழுகிய வரிசையில் மாதிரி அள்ளப் போன அந்த ஜே.ஆர்.எஃப். பெண் இப்போது வேறொரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். நாங்கள் கோழி எரு போட்டுப் பார்த்த தோட்டங்களுக்கு வருடா வருடம் சித்திரையில் போய் மண் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். வேன் வாடகையை 'மாணவர் களப் பயணம்' என்று எழுதிவிடுகிறாளாம்.